ரோலண்ட் பிஎன்-20: ஸ்டிக்கருக்கு விலை போடுகிறவர் பார்வையில் ஒரு மதிப்பீடு

ஸ்டிக்கரை அச்சடித்து வெட்டும் மெஷினான ரோலண்ட் பிஎன்-20 பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் பிரிண்ட் தரத்தைப் புகழ்வதோடு முடிந்துவிடுகின்றன. தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை என்பது உண்மைதான். 1440 டிபிஐ வரை போகும் எக்கோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த மை) பிரிண்ட், அதே மெஷினில் படத்தின் ஓரக்கோட்டில் வெட்டும் கான்டூர் கட்டிங், மேசைமேல் வைக்கக்கூடிய அளவு. சிறிய ஸ்டிக்கர் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு குறைவு. ஆனால் மெஷின் வாங்கிய ஆறாவது மாதம் கையைக் கடிக்கப் போவது விலைதான். 100 ஸ்டிக்கருக்கு என்ன கேட்பது, 20 கேட்டால் என்ன சொல்வது, 500-க்கு எவ்வளவு குறைப்பது? இந்தக் கேள்விகளுக்கு பிஎன்-20 எந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதே இங்கே பேச்சு.

முதலில் அடிப்படை விவரங்கள். 150 முதல் 515 மி.மீ. வரை அகலமுள்ள ரோலை இது ஏற்கும். பிரிண்ட் ஆகும் அதிகபட்ச அகலம் 480 மி.மீ. மை 220 மில்லி கார்ட்ரிட்ஜில் வருகிறது: நான்கு வழக்கமான நிறங்கள், கூடவே ஐந்தாவதாக வெள்ளை அல்லது மெட்டாலிக் சில்வர். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். வெர்சாவொர்க்ஸ் என்ற மென்பொருள் கூடவே வருகிறது. டிசைனில் வெட்டு வேண்டிய கோட்டுக்கு ‘கட்கான்டூர்’ என்ற பெயரில் ஸ்பாட் நிறம் கொடுத்துவிட்டால், மெஷின் அந்தக் கோட்டைப் பிரிண்ட் செய்யாமல் வெட்டும். முழுக்க வெட்டித் தனித்தனியாக உதிர வேண்டுமானால் ‘பெர்ஃப்கட்கான்டூர்’. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்தக் கோடு வண்ணக் கோடாகவே அச்சாகிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் முதல் வேஸ்ட் பெரும்பாலும் இதுதான்.

இனி விலை. இந்தத் தொழிலில் பரவலாகப் புழங்கும் வழி, சதுர அடிக்கோ சதுர மீட்டருக்கோ ஒரு ரேட் வைத்துப் பெருக்குவது. வினைல் (ஸ்டிக்கர் அச்சாகும் பிளாஸ்டிக் ஷீட்), லேமினேஷன், மை மூன்றையும் கூட்டி அதைப் போல மூன்று மடங்கு வாங்கினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய போர்டு, பேனர் என்றால் அந்தக் கணக்கு ஓரளவு நிற்கும். சின்ன ஸ்டிக்கருக்கு நிற்கவே நிற்காது. எவ்வளவு தூரம் சறுக்கும் என்பதை எண்களில் பார்த்தால்தான் புரியும்.

பணத்தின் பெயர் எதுவும் வேண்டாம். ஒரு சதுர மீட்டர் வினைலின் விலையை 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். லேமினேஷன் ஃபிலிம் 80, முழுப் பரப்பும் நிறம் நிரம்பினால் மை 60. கைவேலை ஒரு மணி நேரத்துக்கு 300, மெஷின் ஓடும் ஒரு மணி நேரத்துக்கு 120. இவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், விகிதம் மாறும், பாடம் மாறாது.

வேலை இது: 50 மி.மீ. வட்ட ஸ்டிக்கர் 100, லேமினேஷனுடன், தனித்தனியாக வெட்டி.

வட்டத்தைச் சுற்றி இருபுறமும் 1.5 மி.மீ. பிளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி அச்சாகும் ஓரம்) விட்டால் 53 மி.மீ. இரண்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. ஆக ஒரு ஸ்டிக்கருக்கு 55 மி.மீ. 480-ல் எட்டுதான் நிற்கும். 100-க்கு 13 வரிசை, அதாவது 104 ஸ்டிக்கர், 715 மி.மீ. நீளம். முன்பக்கம் மெஷின் பிடித்துக்கொள்ளும் பகுதி, பின்பக்கம் வெட்டி எடுக்க இழுக்கும் பகுதி, கிராப் மார்க் (எங்கே வெட்டுவது என்று மெஷினுக்குக் காட்டும் குறி) எல்லாம் சேர்த்து இன்னொரு 185 மி.மீ. என்று வைத்தால் 900 மி.மீ. ரோலின் அகலம் 508 மி.மீ. என்றால் செலவாகும் வினைல் 0.457 சதுர மீட்டர். வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும் வட்டங்களின் மொத்தப் பரப்போ 0.196 சதுர மீட்டர். பாதிக்கும் மேலே குப்பைக்கூடைக்குத்தான்.

ஆக வினைல் 45.7, லேமினேஷன் 36.6, மை சுமார் 13.8. கூட்டினால் 96, பிசகுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 106. கைவேலை: ஃபைல் சரிபார்த்து வெட்டுக்கோடு போட 15 நிமிடம், ரோல் ஏற்றி டெஸ்ட் கட் போட 5, லேமினேஷன் 10, திரும்ப ஏற்றிக் குறி பிடிக்க 5, வேஸ்ட் உரித்துப் பிரிக்க 10, எண்ணிப் பொட்டலம் கட்ட 10. மொத்தம் 55 நிமிடம், 275 அலகு. பிரிண்ட் 30 நிமிடம், கட்டிங் 10 நிமிடம் என்று வைத்தால் மெஷின் செலவு 80. எல்லாம் சேர்த்து அடக்கவிலை 461.

இப்போது மூன்று மடங்கு விதியைப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு மூலப்பொருள் 240, மூன்று மடங்கு 720. 5 செ.மீ.க்கு 5 செ.மீ. வீதம் 100 ஸ்டிக்கர், 0.25 சதுர மீட்டர். கேட்கும் விலை 180. அடக்கவிலையில் பாதிகூட வரவில்லை. கடையில் ஆர்டர் குவியும், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. காரணம், மொத்தச் செலவில் வினைலும் மையும் கால்பங்குக்கும் குறைவு. கைவேலைதான் அறுபது சதவீதம். அதைப் பரப்பளவை வைத்து அளக்கவே முடியாது.

இந்த 461-க்கு மேல் லாபம் வைப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. 40 சதவீதம் லாபம் வேண்டும் என்று 1.4-ஆல் பெருக்கினால் 645 வரும். விற்ற விலையில் லாபம் 28.6 சதவீதம்தான். விற்கும் விலையில் 40 சதவீதம் நிற்க வேண்டுமானால் 0.6-ஆல் வகுக்க வேண்டும். 768 வரும், ஒன்றுக்கு 7.7 அலகு. கடை வாடகை, மின்சாரம், ஃபோன், வராத பாக்கி எல்லாம் இந்த நாற்பதுக்குள்தான் அடங்க வேண்டும். எல்லாம் போக நிற்பதே சொந்த லாபம்.

இதே வேலை 20 மட்டும் என்றால்? ஃபைல் வேலை குறையாது, ரோல் ஏற்றும் வேலை குறையாது. கைவேலை 37 நிமிடம், மெஷின் 10 நிமிடம், பொருள் 39. அடக்கம் 244, விலை 406, ஒன்றுக்கு 20 அலகு. 100-க்கு 7.7, 20-க்கு 20! வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆகவே 20-க்குத் தனி ரேட் சொல்லாமல், குறைந்தபட்ச ஆர்டர் தொகை ஒன்றை வைத்துவிடுவது நல்லது. இந்தக் கணக்கில் அது 400 அலகு. அந்தத் தொகைக்கு 20 வாங்கினாலும் சரி, ஒரு ரோல் அகலத்துக்குள் அடங்கும் இரண்டு மூன்று டிசைன் கலந்து வாங்கினாலும் சரி என்று விட்டால் பேச்சு சுமுகமாகப் போகும். டிசைன் கூடக் கூட ஃபைல் நேரம் ஏறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் டிசைனுக்கும் ஒரு சிறு தொகை தனியே.

500-க்குப் போனால் படம் வேறு. 63 வரிசை, குறிகளுடன் 3.9 மீட்டர் ரோல். பொருள் 466, கைவேலை 140 நிமிடம், மெஷின் 200 நிமிடம். அடக்கம் 1566, விலை 2610, ஒன்றுக்கு 5.2. நூறிலிருந்து ஐந்நூறுக்குப் போகும்போது ஒன்றின் விலை 32 சதவீதம் குறைகிறது. அதற்குமேல் இந்த மெஷினில் பெரிதாகக் குறைய வழியில்லை, ஏனென்றால் கூடுதலாகும் ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும், அந்த 40 சதவீத லாபத்தையும் சேர்த்து, 4.6 அலகு எப்படியும் விழுகிறது. ஆயிரம் எடுத்தால் பாதி விலை என்று யாராவது வாய்விட்டால் அது லாபத்திலிருந்து போகிறது.

பிஎன்-20-இன் உண்மையான பலவீனம் இங்கேதான். மெதுவான மெஷின். தரமான மோடில் ஓடும்போது ஆயிரம் ஸ்டிக்கர் ஒரு முழு வேலைநாளைத் தின்றுவிடும். அன்றைக்கு வரும் நாலு சின்ன ஆர்டரும் வரிசையில் நிற்கும். சின்ன ஆர்டரில்தான் இந்த மெஷின் சம்பாதிக்கிறது என்பதால் பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடிப்பதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஒரே டிசைன், 500-க்கு மேல் என்றால் அகலமான மெஷின் வைத்திருக்கும் இடத்தில் வெளியே கொடுத்து வாங்கி, மேலே 20 அல்லது 25 சதவீதம் வைத்து விற்பதே புத்திசாலித்தனம்.

அளவில் இருக்கும் பணம்

அகலம் 480 என்பதை வைத்து ஒரு வேடிக்கை பார்க்கலாம். 50 மி.மீ. வட்டம் எட்டுதான் நிற்கிறது. அதையே 48 மி.மீ. ஆக்கினால் ஒன்றுக்கு 53, ஒன்பது நிற்கும். மொத்தம் 475 மி.மீ. 100 ஸ்டிக்கருக்கு 12 வரிசை போதும், கையில் 108 கிடைக்கும். நீளம் 715-லிருந்து 636 ஆகிறது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அந்த 2 மி.மீ. தெரியவே தெரியாது. விலைப்பட்டியலில் 50 என்று எழுதுவதற்கு முன்பே 48 என்று எழுதிவிடுங்கள்.

ஆனால் லேமினேஷன் வந்துவிட்டால் இந்தத் தந்திரம் உடையும். பிரிண்டை வெளியே எடுத்து லேமினேட் செய்து திரும்ப ஏற்றுவதால் கிராப் மார்க் தேவை. குறிகளுக்கு இரு ஓரத்திலும் இடம் போய், பயன்படும் அகலம் 450 மி.மீ. அளவுக்குச் சுருங்கினால் 48-உம் எட்டுதான், 50-உம் எட்டுதான். ஒன்பது வேண்டுமானால் 45 மி.மீ. ஆக லேமினேஷன் உள்ளதற்கு ஒரு பட்டியல், இல்லாததற்கு ஒரு பட்டியல் என்று இரண்டு வேண்டும். ஒரே பட்டியலில் ‘லேமினேஷன் கூடுதல் 30 சதவீதம்’ என்று போடுபவர்கள் ஃபிலிமின் விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். திரும்ப ஏற்றும் நேரம், குறிக்குப் போகும் வினைல், காய வைக்கும் நாள் எதுவும் அதில் இல்லை.

அந்தக் காய வைக்கும் நாள் சாதாரண விஷயமில்லை. எக்கோ சால்வென்ட் மை தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும். உள்ளே கரைப்பான் இன்னும் இருக்கும். அதற்குள் ஃபிலிம் போட்டு மூடினால் கரைப்பான் வெளியே போக வழியில்லாமல் கீழே இறங்கிப் பசையை இளக்கும். ஒட்டிய இரண்டாவது வாரம் ஓரம் சுருளும், வெட்டிய இடத்தில் வினைல் உள்வாங்கி வெள்ளைப் பசை தெரியும். குறைந்தது 24 மணி நேரம் காற்றோட்டமாக வைத்த பிறகே லேமினேஷன். ரோலாக இறுகச் சுற்றி வைத்தால் 24 மணி நேரமும் வீண். தளர்வாகச் சுற்றியோ தொங்கவிட்டோ வைக்க வேண்டும். அடர் நிறம், கறுப்புப் பின்னணி என்றால் இன்னும் கூட. அதனால் ‘இன்றே வேண்டும்’ என்கிறவருக்கு லேமினேஷன் உள்ள ஸ்டிக்கரை எந்தக் கூடுதல் தொகைக்கும் விற்கக் கூடாது. லேமினேஷன் இல்லாமல் கொடுக்கலாம், அவசரக் கட்டணம் வாங்கலாம். இந்த மெஷினில் ஓடும் எக்கோ சால் மேக்ஸ் மை லேமினேஷன் இல்லாமலே வெளிப்புறத்தில் மூன்று ஆண்டு வரை தாங்கும் என்று ரோலண்ட் சொல்கிறது. நிறம் மங்குவதைப் பற்றிய கணக்கு அது. உரசல், பெட்ரோல், பாத்திரம் தேய்க்கும் நார் இதற்கெல்லாம் பொருந்தாது. தண்ணீர் பாட்டில், ஹெல்மெட், வண்டி டேங்க் என்று சொன்னால் லேமினேஷன் கட்டாயம். அலமாரி லேபிள் என்றால் வேண்டியதில்லை. இதை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவது, பிறகு இலவசமாக மறுபிரிண்ட் போடுவதைவிட மலிவு.

தடிமனையும் பார்க்க வேண்டும். பின்தாளோடு சேர்த்து 0.4 மி.மீ. வரைதான் இந்த மெஷின் வெட்டும். 0.1 வினைல், 0.15 பின்தாள், 0.08 லேமினேஷன், கூட்டினால் 0.33, தாராளமாக அடங்கும். தரை ஸ்டிக்கருக்கான தடித்த ஃபிலிம் போட்டால் எல்லையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வேலைக்கு விலை சொல்வதற்கு முன் மைக்ரோமீட்டரை எடுங்கள்.

மை: பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால்…

மை விலை அதிகம் என்ற புலம்பல் எல்லா இடத்திலும் உண்டு. மேலே உள்ள கணக்கில் 461-ல் மை 14. முழு நிறப் பரப்புக்கு ஒரு சதுர அடிக்கு 1 மில்லி, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 10 மில்லி என்று வைத்துக் கணக்குப் போடுவது தொழில் வழக்கம். அதைவிடச் சரியாக வேண்டுமானால் வெர்சாவொர்க்ஸிலேயே ஒரு வேலைக்கு எவ்வளவு மை போகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரே டிசைனைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வாடிக்கையாளருக்கு இது நல்ல வசதி; பாராட்ட வேண்டிய அம்சம்.

அந்தக் கணக்கில் வராதது ஹெட் கிளீனிங்கில், அதாவது மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்வதில், போகும் மை. மெஷின் தானாகவே அவ்வப்போது சுத்தம் செய்துகொள்ளும்; அதற்காக மெயின் சுவிட்சை அணைக்காமல் விட வேண்டும் என்பது ரோலண்ட் மெஷின்களின் பொது விதி. வாரத்துக்கு இரண்டு வேலை வருகிற கடையில் பிரிண்டில் போகும் மையைவிடக் கிளீனிங்கில் போகும் மை அதிகமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இதை எந்த ஆர்டர் தலையிலும் தனியாகக் கட்ட முடியாது. மாதத்தில் வாங்கிய மொத்த கார்ட்ரிட்ஜ் மில்லியிலிருந்து, வேலைகளுக்குப் போனதாக மென்பொருள் காட்டும் மில்லியைக் கழித்து, மீதியின் விலையை மெஷின் மணிக்கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதம் இப்படி எழுதி வைத்தால் உண்மையான எண் கிடைத்துவிடும்.

வெள்ளை மை, சில்வர் மை இரண்டும் இதில் தனி ரகம். துகள் அடியில் படியும். கார்ட்ரிட்ஜைத் தினமும் எடுத்துக் குலுக்க வேண்டும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பராமரிப்பில் தீரும். டிரான்ஸ்பேரன்ட் வினைலில் வெள்ளை அடித்து அதன்மேல் நிறம் அடிக்கும் வேலை பார்க்க அருமையாக இருக்கும். பிரிண்ட் நேரம் கணிசமாகக் கூடும். அப்படிப்பட்ட வேலைக்குச் சாதா ஸ்டிக்கர் விலையோடு 20 சதவீதம் சேர்ப்பது போதாது. மெஷின் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, அதைப் புதிதாகக் கணக்கில் போட வேண்டும். மாதத்துக்கு ஒரு வெள்ளை ஆர்டர்கூட உறுதி இல்லையென்றால் ஐந்தாவது கார்ட்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். நான்கு நிறம் மட்டும் கொண்ட பிஎன்-20ஏ என்ற மாதிரியை ரோலண்ட் பிறகு கொண்டுவந்ததன் பொருள் அதுதான் போலிருக்கிறது. டிஆர்2 என்ற மையோடு பிஎன்2-20 வரிசையும் இப்போது உண்டு. இங்கே சொல்லப்படும் கணக்கு முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மெஷின் மணிக்கட்டணம்

பலரும் இதை எடுப்பதே இல்லை. எடுப்பவர்களும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். மெஷின் விலை, அது உழைக்கும் ஆண்டுகளுக்கான சர்வீஸ், ஹெட், அதைத் துடைக்கும் வைப்பர், மூடும் கேப், பிளேடுக்கு அடியில் இருக்கும் கட்டிங் ஸ்ட்ரிப், பிளேடு ஆகியவற்றின் செலவு, மேலே சொன்ன கிளீனிங் மை இவற்றைக் கூட்டி, மெஷின் நிஜமாக ஓடும் மணிகளால் வகுக்க வேண்டும். நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள், ஐந்து ஆண்டு என்று போட்டால் 10,000 மணி. காகிதத்தில் அழகாக இருக்கும். சின்னக் கடையில் மெஷின் நாளொன்றுக்கு மூன்று மணி ஓடினாலே பெரிது. அப்படியானால் 3,750 மணி. கட்டணம் 2.7 மடங்கு. 120 என்று போட வேண்டியதை 45 என்று போட்டுவிட்டு, ஐந்தாம் ஆண்டில் புது மெஷினுக்குக் கடன் தேட வேண்டிவரும்.

கட்டிங் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஎன்-20-இல் பிரிண்டும் கட்டிங்கும் ஒரே மெஷின் என்பது வசதி என்று விளம்பரம் சொல்லும். வெட்டும்போது பிரிண்ட் நிற்கிறது, பிரிண்ட் ஆகும்போது வெட்டு நிற்கிறது என்பது அதன் மறுபக்கம். மாதம் முழுக்க லேமினேஷன் வேலையே வருகிற கடையில், தனியாக ஒரு சின்ன கட்டிங் பிளாட்டர் வாங்கி வைத்தால் பிஎன்-20-இன் நேரம் மிச்சமாகும். லேமினேஷன் இல்லாத வேலையில்தான் ஒரே மெஷினின் அருமை தெரியும்: பிரிண்ட் முடிந்த கையோடு, ரோலைத் தொடாமலே வெட்டு, குறி பிடிக்கும் தொல்லை இல்லை.

டீகால் எழுத்து: வேறு கணக்கு

கண்ணாடியிலும் வண்டியிலும் ஒட்டும் வெட்டெழுத்து டீகாலுக்கு ஸ்டிக்கர் கணக்கைப் போடவே கூடாது. இதில் வேலை முழுவதும் வீடிங்தான்: எழுத்தைச் சுற்றியும் உள்ளேயும் இருக்கும் வேண்டாத வினைலைச் சாமணத்தால் உரித்தெடுப்பது. 10 செ.மீ. உயரத்தில் ஆறு எழுத்து என்றால் இரண்டு நிமிடம். அதே அகலத்தில் 1 செ.மீ. உயரத்தில் நாலு வரி முகவரி என்றால் அரை மணி நேரம் போகும், பரப்பு கூடாமலே. தமிழ் எழுத்து என்றால் சுழி, புள்ளி, கொம்பு என்று உள்வெட்டு அதிகம். மெய்யெழுத்தின் புள்ளி தனியே நிற்பதால் உரிக்கும்போது வேஸ்டோடு அதுவும் வந்துவிடும். மெல்லிய கோடுள்ள எழுத்துரு கேட்டால் முதலில் ஒரு வரி மட்டும் வெட்டி உரித்துப் பார்த்து, அந்த நேரத்தைப் பெருக்கி விலை சொல்வது ஒன்றே பாதுகாப்பு.

நடைமுறைக்கு மூன்று படி போதும். பெரிய, தடித்த எழுத்துக்கு அடிப்படை விலை. நடுத்தரத்துக்கு ஒன்றரை மடங்கு. சின்ன எழுத்து, கொடி, பூ வேலைப்பாடு என்றால் இரண்டரை மடங்கு. மேலே ஒட்டும் டிரான்ஸ்ஃபர் டேப்பை வெட்டிய எழுத்தின் பரப்புக்கு இல்லாமல் முழுச் செவ்வகத்துக்கும் கணக்கிட வேண்டும். 1 செ.மீ.க்குக் கீழே எழுத்து கேட்பவரிடம், பின்னணியோடு பிரிண்ட் செய்து, பின்தாளை வெட்டாத ஹாஃப் கட்டிங் ஸ்டிக்கராகத் தரலாம் என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் விலை குறையும், சாமணம் பிடிக்கும் கைக்கும் வேலை மிச்சம்.

தனித்தனியாக வெட்டுவதா, தாளில் ஹாஃப் கட்டிங்கா என்பதிலும் விலை வித்தியாசம் வர வேண்டும். ஹாஃப் கட்டிங்கில் பிளேடு வினைலை மட்டும் வெட்டும். ஃபுல் கட்டிங்கில் பின்தாளும் வெட்டப்படும், பிளேடும் ஸ்ட்ரிப்பும் சீக்கிரம் தேயும், எண்ணுவதும் அடுக்குவதும் கூடுதல். பிளேடு அழுத்தம் கொஞ்சம் கூடிப் போனால் ஹாஃப் கட்டிங்கிலும் பின்தாள் கீறிவிடும். அப்புறம் ஸ்டிக்கரை உரிக்கும்போது பின்தாளும் சேர்ந்து கிழியும். புது ரோல் மாட்டும் ஒவ்வொரு முறையும் டெஸ்ட் கட் போட்டு, மேல் வினைல் சுலபமாக உரிந்து, பின்தாளில் மெல்லிய தடம் மட்டும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் போன 200 ஸ்டிக்கர் திரும்பி வரும்.

நீளமான வேலையில் இன்னொரு வில்லங்கம். ரோல் இம்மி சாய்ந்து ஏறியிருந்தாலும் மூன்று மீட்டர் போவதற்குள் வெட்டுக்கோடு படத்தை விட்டு விலகிவிடும். 1.5 மி.மீ. பிளீட் அந்தச் சாய்வை ஓரளவுதான் மறைக்கும். 3.9 மீட்டர் வேலையை ஒரே துண்டாக அனுப்பாமல் 80 செ.மீ. அளவில் ஐந்து துண்டாக, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியோடு அனுப்புங்கள். மேலே 500-க்கான 140 நிமிடக் கைவேலையில் குறி பிடிக்க மட்டும் 15 நிமிடம் சேர்த்தது அதற்காகத்தான். பளபளப்பான லேமினேஷனில் சென்சார் குறியைப் பிடிக்காமல் முரண்டு பிடித்தால், குறி இருக்கும் மூலையில் மட்டும் ஃபிலிமை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முயலலாம்.

வாடிக்கையாளர் அனுப்பும் ஃபைலைப் பற்றிச் சொல்லாமல் விலைப் பேச்சு முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த லோகோவை வெக்டராக வரைந்து எடுக்க 40 நிமிடம் ஆனால், 100 ஸ்டிக்கரின் மொத்தக் கைவேலையில் அது முக்கால் பங்கு. ஃபைல் சரிபார்ப்பு 15 நிமிடம் வரை விலைக்குள் அடக்கம், அதற்கு மேல் டிசைன் கட்டணம் என்று ரசீதிலேயே தனி வரியாக எழுத வேண்டும். புரூஃப் ஒன்று இலவசம், மாற்றம் ஒருமுறை இலவசம். நிறம் அச்சு அசலாக வேண்டும் என்கிறவருக்கு அதே வினைலில், அதே லேமினேஷனோடு சின்னத் துண்டு அடித்துக் காட்டி, அதற்கு ஒரு தொகை வாங்கிவிட்டு மீதி வேலையைத் தொடங்குவது வழி. ஃபோன் திரையில் பார்த்த நிறத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

யாருக்கு இந்த மெஷின்? 20 முதல் 300 வரை, டிசைன் பலவாக, அளவு சிறிதாக வரும் ஆர்டர்களை நம்பி நடக்கும் கடைக்குத் தயங்காமல் சொல்லலாம். வண்டி முழுக்கச் சுற்றும் வேலை, பேனர், ஆயிரக்கணக்கில் ஒரே லேபிள் என்றால் 480 மி.மீ. அகலம் தொடக்கத்திலேயே கழுத்தை நெரிக்கும். பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் மூன்று விஷயத்தை நேரில் பார்க்க வேண்டும். மை வரும் துளைகளைச் சோதிக்கும் நாசில் டெஸ்ட் பிரிண்டில் கோடுகள் விட்டுப்போகாமல் வருகிறதா. வெள்ளை அல்லது சில்வர் இருந்தால் அந்த நிறத்தை அடர் நிற வினைலில் அடித்துப் பார்க்க வேண்டும், வெள்ளை வினைலில் வெள்ளை தெரியாது. அடுத்து, 40 செ.மீ. அகலத்துக்கு வட்டங்களைப் பிரிண்ட் செய்து உடனே வெட்டச் சொல்லி, இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வெட்டு ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, கடைசி ஆறு மாதத்தில் மெஷின் எவ்வளவு காலம் அணைந்து கிடந்தது என்று கேட்பது. பதிலில் தயக்கம் இருந்தால், புது ஹெட்டின் விலையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.